கேம் கன்சோலும் வீட்டு மீடியா சர்வரும்: வைஃபை தகராறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினியிலோ ராஸ்பெரி பையிலோ படங்களையும் பாட்டுகளையும் சேர்த்து வைத்து, டிவிக்குக் கீழே இருக்கும் பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் வழியாக வைஃபையில் பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. பிஎஸ்3, பிஎஸ்4 பற்றித்தான் அதிகம் இருக்கும், ஏனென்றால் தகராறும் அவற்றில்தான் அதிகம். சர்வர் மென்பொருள் என்று சொல்லும்போது மினிடிஎல்என்ஏ, யுனிவர்சல் மீடியா சர்வர், ஜெல்லிஃபின், பிளெக்ஸ் ஆகியவற்றை மனதில் வைத்திருக்கிறேன்.

படம் ஓடவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

"வைஃபை சரியில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன், கோளாறு எந்த ரகம் என்று பாருங்கள். கன்சோலின் பட்டியலில் சர்வரே தெரியவில்லை என்றால் அது ஒரு ரகம். சர்வர் தெரிகிறது, படத்தின் பெயரும் தெரிகிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால் இன்னொரு ரகம். ஓட ஆரம்பித்துத் திக்கித் திணறினால் மூன்றாவது. இந்த மூன்றில் கடைசி ஒன்றுக்குத்தான் சிக்னலோடு நேரடிச் சம்பந்தம். முதலாவது பெரும்பாலும் ரவுட்டர் அமைப்பு அல்லது ஃபயர்வால். இரண்டாவது கோப்பின் வடிவம்.

சந்தேகமாக இருந்தால் அதே கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு கன்சோலில் செருகிப் பாருங்கள். பென் டிரைவிலும் ஓடவில்லை என்றால் ரவுட்டர் பக்கம் போகவே வேண்டாம். பிஎஸ்3க்கு பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. பிஎஸ்4 எக்ஸ்ஃபேட்டையும் படிக்கும்.

என் இன்டர்நெட் வேகம் 100 எம்பிபிஎஸ். பிறகும் ஏன் திணறுகிறது?

படம் இன்டர்நெட்டிலிருந்து வரவில்லை. சர்வரிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு, அவ்வளவுதான் பயணம். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் டிஎல்என்ஏ (வீட்டுக்குள் சாதனங்கள் படம், பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் பொது முறை) வழியாகப் படம் ஓடும், ஓட வேண்டும். பிளேஸ்டேஷனின் இணைப்புச் சோதனையில் வரும் நாட் டைப் 2, நாட் டைப் 3 எல்லாம் ஆன்லைன் விளையாட்டுக்கானவை. மீடியா சர்வருக்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. வீட்டுக்குள்ளேயே பார்ப்பவருக்கு அது தேவையில்லை, வீட்டு சர்வரை வெளியுலகத்துக்குத் திறந்து விடுவதுதான் மிச்சம்.

கன்சோலில் இன்டர்நெட் வேலை செய்கிறது. சர்வர் மட்டும் தெரியவில்லை. ஏன்?

டிஎல்என்ஏவில் சர்வரின் முகவரியை நீங்கள் தட்டுவதில்லை, கன்சோல் தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. "இங்கே மீடியா சர்வர் யாராவது இருக்கிறீர்களா?" என்று வாசலில் நின்று குரல் கொடுப்பது போல, 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, யுடிபி 1900 போர்ட்டில் ஒரு செய்தியை அனுப்புகிறது. சர்வருக்கு அது கேட்டால் பதில் சொல்லும். இந்தச் செய்தியை மல்டிகாஸ்ட் என்பார்கள். இன்டர்நெட் பயன்பாட்டுக்கு மல்டிகாஸ்ட் தேவையே இல்லாததால், யூடியூப் ஜோராக ஓடும் அதே கன்சோலில் சர்வர் மட்டும் காணாமல் போவது சாதாரணம்.

முதலில் கன்சோல் பக்கம். பிஎஸ்3இல் நெட்வொர்க் செட்டிங்ஸில் "மீடியா சர்வர் கனெக்ஷன்" என்று ஒன்று உண்டு. அது முடக்கப்பட்டிருந்தால் என்ன செய்தாலும் பலனில்லை. பிஎஸ்4இல் மீடியா பிளேயர் செயலியைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், 2015இல்தான் அது வந்தது.

அடுத்து, போனை அதே வைஃபையில் இணைத்து, பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் தட்டுங்கள். ஜெல்லிஃபினுக்கு 8096, பிளெக்ஸுக்கு 32400, மினிடிஎல்என்ஏவுக்கு 8200. மினிடிஎல்என்ஏவின் பக்கம் பார்க்க மொட்டையாக இருக்கும், ஆனால் அதில் எத்தனை பாட்டு, எத்தனை வீடியோ என்ற கணக்கோடு, இதுவரை வந்து சேர்ந்த சாதனங்களின் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் கன்சோல் இருந்தால் குரல் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கம் திறக்கிறது, கன்சோல் மட்டும் பட்டியலில் இல்லை என்றால் மல்டிகாஸ்ட்தான் எங்கோ தடைபடுகிறது. பக்கமே திறக்கவில்லை என்றால் ஃபயர்வால், அல்லது இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன.

கடைசியாக ரவுட்டரில் "ஏபி ஐசோலேஷன்" அல்லது "கிளையன்ட் ஐசோலேஷன்" என்று ஏதாவது ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் வைஃபையில் இருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கெஸ்ட் நெட்வொர்க்கில் இது பெரும்பாலும் உண்டு. பாஸ்வேர்ட் சுலபமாக இருக்கிறதே என்று கன்சோலை கெஸ்ட் வைஃபையில் போட்டவர்கள் அதைக் கழற்றி முதன்மை வைஃபையில் சேர்த்தாலே விஷயம் முடிந்தது.

ஃபைபர் கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, நான் வாங்கிய ரவுட்டர் ஒன்று. இதனால் பிரச்சினை வருமா?

வரும். சர்வர் தெரியாததற்கு நம் வீடுகளில் இதுதான் பெரிய காரணம் என்பேன்.

கன்சோலின் நெட்வொர்க் நிலவரப் பக்கத்தைத் திறந்து ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரின் முகவரியையும் அதற்குக் கீழே எழுதுங்கள். சர்வர் 192.168.1.20, கன்சோல் 192.168.0.104 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது எண் மாறுகிறது, பாருங்கள். ஒன்று ஃபைபர் பெட்டியிடம் முகவரி வாங்கியிருக்கிறது, மற்றது உங்கள் ரவுட்டரிடம். இரண்டு பெட்டிகளும் தனித்தனி நெட்வொர்க் நடத்துகின்றன. ஒன்றில் எழும் மல்டிகாஸ்ட் மற்றதற்குப் போகாது.

எளிய தீர்வு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியின் வைஃபையில் சேர்ப்பது. இரண்டு பெட்டியும் வேண்டும் என்றால் உங்கள் ரவுட்டரை, தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லையா? அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் முகவரியை ஃபைபர் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை நீலமோ மஞ்சளோ, வேன் (WAN) என்று எழுதிய துளையில் செருகாமல், லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். அதோடு அது வெறும் வைஃபை கம்பம் ஆகிவிடும்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, காரணம் அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படாது. சர்வர் கிளம்பியதும் தன் இருப்பை அறிவிக்கிறது. பிறகு அவ்வப்போது அதைப் புதுப்பிக்கிறது, மினிடிஎல்என்ஏ ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு ஒருமுறை. புதுப்பிக்கும் செய்தி வந்து சேராவிட்டால் கன்சோல் சர்வரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

அந்தச் செய்தியை நடுவில் விழுங்குவது பெரும்பாலும் ரவுட்டரிலோ ஸ்விட்சிலோ இருக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். மல்டிகாஸ்ட்டை, வேண்டும் என்று கேட்ட சாதனங்களுக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு அது, நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கவும் நெட்வொர்க்கில் ஒரு சாதனம் வேண்டும். விசாரிப்பவர் இல்லாத வீட்டில், சில நிமிடங்களில் கன்சோலின் பெயர் பட்டியலிலிருந்து காலாவதியாகி, மல்டிகாஸ்ட் நின்றுவிடும். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை அணைத்துப் பாருங்கள். சில ரவுட்டர்களில் அணைத்தால் சரியாகும், சிலவற்றில் ஆன் செய்தால் சரியாகும். கேட்க அபத்தமாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை.

இன்னும் சாதாரணமான காரணங்களும் உண்டு. சர்வராக இருக்கும் லேப்டாப் தூங்கப் போயிருக்கலாம். கரண்ட் போய் வந்த பிறகு சர்வருக்கு வேறு ஐபி கிடைத்திருக்கலாம். ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் சர்வருக்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள், அந்தத் தலைவலி அதோடு தீரும்.

சர்வர் விண்டோஸில் இருக்கிறது. தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

நெட்வொர்க் "பப்ளிக்" என்று இருந்தால் "பிரைவேட்" ஆக மாற்றுங்கள். பப்ளிக்கில் மற்ற சாதனங்கள் கணினியைக் காணாதபடி விண்டோஸ் மறைத்துவிடும். ரவுட்டர் மாற்றிய பிறகு சர்வர் காணாமல் போனவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் புது வைஃபையை விண்டோஸ் புது நெட்வொர்க்காகவே எண்ணும்.

விபிஎன் ஓடுகிறதா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை நிறுவிய போலி நெட்வொர்க் கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர் மென்பொருள் தவறான கார்டில் போய்க் கத்திக்கொண்டிருக்கும். யுனிவர்சல் மீடியா சர்வரில் எந்தக் கார்டு என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. லினக்ஸில் டாக்கர் வழியாக ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான். டிஎல்என்ஏ வேண்டுமென்றால் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓட்ட வேண்டும்.

ஜெல்லிஃபினை அப்டேட் செய்தேன். அப்புறம் பிஎஸ்3இல் காணவே இல்லை.

2024இல் வந்த 10.9 பதிப்பில் டிஎல்என்ஏ வசதியை ஜெல்லிஃபினின் மையப் பகுதியிலிருந்து எடுத்து, தனி பிளகின் ஆக்கிவிட்டார்கள். நிர்வாகப் பக்கத்தின் பிளகின் பட்டியலில் அதைத் தேடி நிறுவி, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிஎஸ்3க்கு மட்டும்தான் சர்வர் என்றால், ஜெல்லிஃபினை விட்டுவிட்டு மினிடிஎல்என்ஏ அல்லது யுனிவர்சல் மீடியா சர்வருக்கு மாறுவதே மேல். யுனிவர்சல், பிஎஸ்3க்காகவே எழுதப்பட்ட ஒரு மென்பொருளிலிருந்து கிளைத்தது. பழைய கன்சோல்களின் குணம் அதற்கு அத்துப்படி.

புது ரவுட்டர் வாங்கினேன். பிஎஸ்3 வைஃபையிலேயே சேர மாட்டேன் என்கிறது.

பிஎஸ்3 2006இல் வந்த பெட்டி. அதற்குத் தெரிந்தது 802.11பி, 802.11ஜி இரண்டும் மட்டும், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில். முதலில் வந்த 20 ஜிபி மாடலில் வைஃபையே கிடையாது. ஆரம்பகால பிஎஸ்4க்கும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, 2016இல் வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்களில்தான் சேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் 360இல் 2010க்கு முந்தைய மாடல்களுக்கு வைஃபை அடாப்டரைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

ஆகவே ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரிலிருந்து வேறான தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பழைய கன்சோல் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இரண்டும் கலந்த முறையில் சில நேரம் சேரும், சில நேரம் சேராது, அதை நம்ப வேண்டாம். சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அக்கம்பக்கத்து வைஃபைகள் நிறைந்த அடுக்குமாடியில் 40 வைத்தால் கெடுதல்தான் அதிகம்.

படம் ஓடுகிறது, ஆனால் சண்டைக் காட்சி வந்தால் நின்று நின்று வருகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 9 ஜிபி கோப்பு, 2 மணி நேரப் படம். 9 ஜிபி என்பது 72,000 மெகாபிட். 7,200 விநாடியால் வகுத்தால் 10 எம்பிபிஎஸ். இது சராசரி. ஆட்கள் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இதைவிடக் குறைவு, மழையும் வெடியும் வரும் காட்சிக்கு இரண்டு மூன்று மடங்கு. 36 ஜிபி ப்ளூரே பிரதி என்றால் சராசரியே 40.

இப்போது வைஃபை பக்கம். 802.11ஜியின் வேகம் 54 எம்பிபிஎஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும். நடைமுறையில் 20லிருந்து 25 வந்தால் நல்ல நாள். ஒரு சுவர் தள்ளினால் இன்னும் குறையும். இத்தோடு சர்வரும் வைஃபையில் இருந்தால்? ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பறக்க வேண்டும், சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒருமுறை. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கையில் மிஞ்சுவது பாதி, 10 எம்பிபிஎஸ். நம் 9 ஜிபி படம் பேச்சுக் காட்சியில் தப்பித்து, சண்டையில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அதனால் ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால், சர்வருக்கு கேபிள் போடுங்கள். கன்சோலுக்கு அல்ல, சர்வருக்கு. சர்வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து ஒரு முழம் கேபிளில் இணைக்கலாம். டிவியை நகர்த்த முடியாது. ரவுட்டரை உயரத்தில் வைப்பது, ஆன்டெனாவைத் திருப்புவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. சர்வரோ கன்சோலோ யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கோடு இணைந்திருந்தால், அதன் வயரை வைஃபை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது.

ரிப்பீட்டர் வாங்கலாமா? பவர்லைன் அடாப்டர்?

மலிவான ரிப்பீட்டர் வேண்டாம். வாங்குவதற்கும் விடுவதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் ரிப்பீட்டர், மேலே சொன்ன பாதியை மறுபடியும் பாதி ஆக்கும். சிக்னல் கோடுகள் நிறைய காட்டும், படம் முன்னைவிட மோசமாக ஓடும்.

பவர்லைன் வீட்டு மின்வயரிங்கைப் பொறுத்தது. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ரவுட்டர் அறை ஒரு ஃபேஸிலும் டிவி அறை இன்னொன்றிலும் இருந்தால் வேகம் வெகுவாக அடிபடும். வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள், ஸ்பைக் பஸ்டரில் செருகாமல் நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள்.

பிஎஸ்3ஐ 5 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவர வழியே இல்லையா?

உண்டு, செலவும் இல்லை. அலமாரியில் கிடக்கும் பழைய இரட்டை அலைவரிசை ரவுட்டரை எடுத்து, 5 கிகாஹெர்ட்ஸில் உங்கள் முதன்மை வைஃபையோடு இணையும்படி பிரிட்ஜ் முறையில் அமையுங்கள். அதன் லேன் துளையிலிருந்து பிஎஸ்3க்கு ஒரு சின்ன கேபிள். தன்னிடம் வைஃபை இருப்பதையே பிஎஸ்3 மறந்துவிடும், அதன் லேன் துளை கிகாபிட் வேகம் கொண்டது.

ஒரு எச்சரிக்கை. பல மலிவு ரவுட்டர்களில் "விஸ்ப்" என்ற முறை இருக்கும், பார்க்க பிரிட்ஜ் போலவே தோன்றும். அது தனி நெட்வொர்க் உருவாக்கிவிடும். இன்டர்நெட் வரும், சர்வர் தெரியாது. இரண்டு ரவுட்டர் கதை திரும்ப ஆரம்பிக்கும்.

"ஆதரிக்கப்படாத டேட்டா" என்று வருகிறது. நெட்வொர்க் பிழையா?

இல்லை, கோப்பின் வடிவம் கன்சோலுக்குப் புரியவில்லை. பிஎஸ்3 எம்கேவி கோப்புகளைத் திறக்காது. எம்கேவி என்பது வீடியோவையும் ஒலியையும் அடைத்து வைக்கும் பெட்டி மட்டும்தான். உள்ளே இருப்பது பிஎஸ்3க்குத் தெரிந்த ஹெச்.264 வீடியோவாகவே இருந்தாலும் பெட்டி பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்றுவிடும். டிஎஸ்மக்ஸர் போன்ற மென்பொருளில் பெட்டியை மட்டும் மாற்றி எம்பெக்-டிஎஸ் ஆக்கலாம். சில நிமிட வேலை, தரம் குறையாது. பிஎஸ்4 எம்கேவியைத் திறக்கும், ஆனால் அதன் மீடியா பிளேயருக்கு ஹெச்.265 தெரியாது. டிடிஎஸ் ஒலியும் அதன் பட்டியலில் இல்லை.

சர்வரே ஓடும்போது மாற்றித் தருவதுதான் டிரான்ஸ்கோடிங். அதற்குக் கணினிக்குத் தெம்பு வேண்டும், ராஸ்பெரி பை தாங்காது. திணறல் வைஃபையாலா டிரான்ஸ்கோடிங்காலா என்று அறிய, படம் நிற்கும் நேரத்தில் சர்வரின் சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். ப்ளூரேயிலிருந்து வரும் சப்டைட்டில்கள் எழுத்தாக இல்லாமல் படங்களாக இருக்கும். அவற்றை ஆன் செய்தால் சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவற்றை ஒட்டியாக வேண்டும். சப்டைட்டில் போட்டதும் திணறி, எடுத்ததும் சரியானால் இதுதான் விஷயம். சப்டைட்டிலை எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்3இல் பாதிப் படத்தில் ஒலி மட்டும் நின்று "கோடு 3" என்று ஒரு செய்தி வருகிறது.

அது சினேவியா என்ற காப்புரிமைப் பாதுகாப்பு. படத்தின் ஒலிக்குள்ளேயே பொதிந்திருக்கும் அடையாளத்தை கன்சோல் கண்டுபிடித்து ஒலியை நிறுத்துகிறது. கேபிள் மாற்றியும் ரவுட்டர் மாற்றியும் பயனில்லை.

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், ஸ்விட்ச்?

பிஎஸ்5இல் டிஎல்என்ஏ இல்லை. அந்த முறையை வகுத்தது 2003இல் சோனி முன்னின்று ஆரம்பித்த அதே பெயர் கொண்ட அமைப்பு, 2017இல் அதைக் கலைத்தும் விட்டார்கள். பிஎஸ்5இல் பிளெக்ஸ் செயலிதான் நடைமுறையில் வழி. வைஃபை 6 இருப்பதால் வேகம் பற்றிய கவலை குறைவு. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் சீரீஸுக்கும் விஎல்சி, கோடி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின் எல்லாம் கிடைக்கின்றன. படம் பார்ப்பதற்கென்றே ஒரு கன்சோலை ஒதுக்குவதானால் நான் சொல்வது எக்ஸ்பாக்ஸைத்தான். ஜெல்லிஃபின் செயலியில் சர்வரின் முகவரியை நீங்களே தட்டிவிடலாம், மல்டிகாஸ்ட் தொல்லை இல்லை.

நின்டென்டோ ஸ்விட்சில் மீடியா பிளேயர் இல்லை. விளையாடிக்கொள்ளுங்கள்.